கேனான் 1500டி, மூன்று லென்ஸ், நெல்லைச் சீமை: கருவி தடுப்பது எங்கே, கை தவறுவது எங்கே?

இங்கே பேசப்படும் கிட் இதுதான்: 2018-ல் வந்த கேனான் 1500டி, கூடவே வரும் 18-55 எம்எம் லென்ஸ், தனியாக வாங்கிய 55-250 எஸ்டிஎம் (கேனானின் ஒரு வகை ஃபோகஸ் மோட்டார்), 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். 24 மெகாபிக்சல், ஒன்பது ஃபோகஸ் புள்ளி, நொடிக்கு மூன்று படம். இன்றைய கணக்கில் அடிமட்டக் கருவி. வெயில், குற்றாலச் சாரல், உவரிப் பக்கத்து உப்புக்காற்று, தேரிச் செம்மணல் என்று எல்லாவற்றிலும் நீண்ட நாள் புழங்கிய பிறகு ஒன்று தெளிவாகிறது. கருவியா திறமையா என்று மொத்தமாகக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதை எடுக்கிறோம் என்று கேட்டால் உண்டு.

கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்குநேரிப் பக்கம், 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். சங்குவளை நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டை ஒட்டிய மரங்களில் கூடு கட்டுகின்றன. அங்கே 55-250 தாராளம்; சிறிய சென்சாரின் 1.6 மடங்குக் கணக்கில் 400 எம்எம் பார்வை கிடைக்கிறது. குஞ்சுக்கு இரை ஊட்டுவதை எடுக்க அதற்கு மேல் எதுவும் வேண்டாம். குளத்து நடுவில் இறங்கும் வரித்தலை வாத்துக்கோ அது போதாது. 250-ல் எடுத்துக் கணினியில் வெட்டிப் பெரிதாக்கினால் இறகு தெரியாது, சாம்பல் நிறப் புள்ளிதான் மிஞ்சும். இதில் எந்தத் திறமையும் உதவாது, 500, 600 எம்எம் வேண்டும். ஆனால் அந்தப் பெரிய லென்ஸும் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் தோற்கும். தரை சூடேறிக் கானல் எழும்பிவிட்டால் தொலைவில் உள்ள எதுவும் நெளியத்தான் செய்யும். லென்ஸ் நீளம் கூடினால் நெளிவும் பெரிதாகத் தெரியும். ‘ஃபோகஸ் சரியில்லை’ என்று லென்ஸைச் சர்வீசுக்குக் கொடுப்பவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு இந்தக் கானல்தான். விடியற்காலையில் போய்விடுவது எந்த லென்ஸையும் விட மலிவு.

பறக்கும் பறவைக்கு: நடு ஃபோகஸ் புள்ளி மட்டும், ஏஐ சர்வோ (நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை), ஷட்டர் 1/1600 நொடி, எஃப் 5.6, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 400 முதல் 800 வரை. நொடிக்கு மூன்று படம் என்பது குறைவுதான். அதனால் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ரா-வில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) பத்துப் பதினொரு படத்தோடு பஃபர் என்ற தற்காலிக நினைவகம் நிறைந்து கேமரா நின்றுவிடும், நல்ல தருணம் அப்போதுதான் வரும். பறவை கூட்டுக்கு மேலே வந்து சிறகை விரித்து வேகத்தைக் குறைக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று படம் போதும். வெளிச்ச அளவிலும் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) கவனம் வேண்டும். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு, குறைத்தால் பாதி. கரும்பச்சை மரத்துக்கு முன்னால் வெள்ளைப் பறவை என்றால் −2/3 ஸ்டாப், வெளுத்த வானத்துக்கு எதிரே என்றால் +1. இதைச் செய்யாவிட்டால் முதலாவதில் இறகு சுண்ணாம்பாக வெளுக்கும், இரண்டாவதில் பறவை கரிக்கட்டையாகும். லட்ச ரூபாய் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) ஆனாலும் இந்த முடிவை ஆள்தான் எடுக்க வேண்டும்.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்கள் முழுக்க முழுக்கக் கைவேலை. நாகாஸ்திரத்தோடு நிற்கும் கர்ணனுக்கு நரம்பும் நகமும் தெரிய வேண்டுமானால் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். கேமராவின் சொந்த ஃபிளாஷைத் தட்டினால் நிழல் செத்துச் சிற்பம் தட்டையாகிவிடும். அனுமதி கேட்டுக்கொண்டு, 18-55-ஐ 35 எம்எம் அளவில் வைத்து, எஃப் 5.6, 1/30, ஐஎஸ்ஓ 800. இருண்ட பக்கத்தில் கூட வந்தவர் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தால் போதும், நிழல் ஓரளவு திறக்கும். தூணில் சாய வேண்டாம்.

இனிக் கொடை, அதாவது ஊர்க்கோயில் திருவிழா. சுடலைமாடன் கோயிலோ அம்மன் கோயிலோ, நடுராத்திரிக் கொடையில்தான் கருவியின் எல்லை பளிச்சென்று தெரிகிறது. தீப்பந்தம், இரண்டு டியூப்லைட், சீரியல் பல்பு, அவ்வளவுதான் வெளிச்சம். 18-55-ஐ 50 எம்எம்முக்குத் திருப்பினால் துளை எஃப் 5.6 தான் திறக்கும். எஃப் 1.8-ல் ஐஎஸ்ஓ 1600 போதும் என்கிற இடத்தில் இதற்குச் சுமார் 16000 வேண்டும். இந்தக் கேமராவின் இயல்பான உச்சம் 6400, நீட்டினால் 12800. கணக்கே இடிக்கிறது, எவ்வளவு பழகிய கையானாலும் இங்கே ஒன்றும் நடக்காது. இருப்பதிலேயே மலிவான 50 எம்எம் லென்ஸ் ஒன்று அந்தப் பள்ளத்தை அடைத்துவிடும். ‘கருவி முக்கியம்’ என்றவுடன் எல்லோரும் பாடியை மாற்ற ஓடுவதுதான் வேடிக்கை.

லென்ஸ் கைக்கு வந்த பிறகும் பாதி வேலை பாக்கி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டரை 1/200-க்கு ஏற்றினால் ஒரு படம் பிரகாசம், அடுத்தது மங்கல், சிலவற்றில் குறுக்கே பட்டை. 1/100 அல்லது 1/50 வைத்தால் அடங்கும். ஆனால் 1/100-ல் ஆடும் சாமியாடி குழம்பித் தெரிவார். எனவே ஆட்டத்தை விட்டுவிட்டு, அவர் நின்று மூச்சு வாங்கும் கணத்துக்கும், திருநீறு போடக் கை ஓங்கும் கணத்துக்கும் காத்திருங்கள். வில்லுப்பாட்டு இதற்கு நேர்மாறு. 1/50-ல் பாடுபவரின் முகம் கூர்மையாக நிற்கும், வீசுகோல் மட்டும் கோடாக ஓடும். மங்கல் அங்கே அழகு. ஃபோகஸுக்கு நடுப்புள்ளியை மட்டும் நம்புங்கள், மற்ற எட்டும் இருட்டில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். சாமி வந்து நிற்கிற ஆளின் முகத்தில் வெளிச்சம் அடிப்பது முறையில்லை.

குற்றாலத்தில் அருவியைப் பட்டாக எடுக்க வேண்டும் என்பதே பலருக்கு ஆசை. மேகமூட்டத்தில் எஃப் 11, ஐஎஸ்ஓ 100 வைத்தால் 1/60 வரும் என்று கொள்வோம். போலரைசர் ஃபில்டர் இரண்டு ஸ்டாப் தின்றால் 1/15. மூன்று ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) சேர்த்தால் அரை நொடி, அதோடு முக்காலி. போலரைசரின் பெரிய உபயோகம் ஷட்டரைக் குறைப்பதில் இல்லை, ஈரப்பாறையிலும் இலையிலும் உள்ள பளபளப்பை எடுப்பதில். ஒரு சங்கடம்: இந்த 18-55-ல் ஃபோகஸ் ஆகும்போது முன்கண்ணாடி சுழலும், போலரைசரும் கூடச் சுழலும். ஃபோகஸை முதலில் முடித்து, லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளிவிட்டு, அதன் பிறகு போலரைசரைத் திருப்புங்கள். 18-55, 55-250 இரண்டுக்கும் 58 எம்எம் ஃபில்டர்தான், ஒன்று வாங்கினால் போதும்; 50-க்கு மட்டும் 49.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு ஒரு வார்த்தை. நண்பகல் ரத வீதியில், மேலே வெளுத்த வானம், கீழே வடம் பிடிப்பவர்களின் நிழல்முகம். இந்த இடத்தில் நல்ல செல்போன் இந்தக் கேமராவின் ஜேபெக்கை ஜெயித்துவிடுகிறது, போன் பல படங்களைத் தானே சேர்த்துச் சமன் செய்துகொள்வதால். கேமராதான் வேண்டுமென்றால் ரா-வில், வானம் வெளுக்காத அளவுக்கு ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்து, நிழலைப் பிறகு தூக்குங்கள். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் தூக்கினால் புள்ளி கிளம்பும்.

பராமரிப்பில்தான் நெல்லை ஆட்கள் அதிகம் இழக்கிறார்கள். இந்தக் கேமராவில் சென்சார் தன்னைத் தானே உதறிக்கொள்ளும் வசதி இல்லை, தூசிக்கு எதிரான அடைப்பும் இல்லை. தேரியிலோ காற்றாலைப் பக்கமோ லென்ஸ் மாற்றுவதைத் தவிருங்கள். எஃப் 16-ல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாகத் தெரியும். கை ஊதுகுழாய் போதும், வாயால் ஊதினால் எச்சில் ஒட்டும். ஏசி அறையிலிருந்து சாரலுக்கு வரும்போது பையைத் திறக்காமல் அரைமணி வைத்திருந்தால் கண்ணாடி வியர்க்காது. பூஞ்சைக்கு அடைப்பு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறியதும் வறுத்து எடுக்க வேண்டும். 50 எம்எம் மாட்டிய கேமராவை அணைக்கும் முன் தொலைவில் ஒரு முறை ஃபோகஸ் செய்தால் முன்குழல் உள்ளே போய்விடும்; நீண்டபடி பையில் போட்டால் இடிபட்டு மோட்டார் போகும்.

செலவுக்கு வரிசை கேட்டால்: முதலில் 50, அடுத்து 55-250, பிறகு போலரைசரும் ஆடாத முக்காலியும். பாடி கடைசி. வெளி ஃபிளாஷ் வாங்குபவர்கள் ஹாட் ஷூவை (கேமராவின் மேல் ஃபிளாஷ் மாட்டும் இடம்) ஒரு முறை பார்க்கவும். சில குறைந்த விலை பாடிகளில் நடுத்தொடுமுனை கிடையாது, வேறு கம்பெனி ஃபிளாஷ் பலவும் எரியாது. பழைய லென்ஸ் என்றால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். நூல் நூலாகப் பூஞ்சை வலை தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம், அது பக்கத்தில் உள்ள லென்ஸுக்கும் தொற்றக்கூடும்.