பபிளா, வீட்டுல இருந்து வந்து ஆடுறதா, இல்ல பேசாம கேன்சலா? நோய்க் காலத்து டோர்னமெண்டு கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்து கடற்கரைல நீரோடில இருந்து இரையுமன்துறை வரைக்கும் வரிசையா கெடக்குற எங்க எட்டு ஊருலயும் கால்பந்துன்னா என்னன்னு வெளியூருக்காரங்களுக்கு சொல்லி புரிய வைக்க முடியாது, அத விட்டுருகேன். விஷயம் இதுதான். 2021 தொடக்கத்துல, கொரோனா மொத அலை கொஞ்சம் அடங்கி ரெண்டாவது அலை இன்னும் வராத அந்த எடைவெளில, எங்க கிளப் கமிட்டில டோர்னமெண்ட நடத்தணுமா வேண்டாமான்னு பெரிய சண்டை. இப்ப பக்கத்து ஊரு கிளப்ல இருந்து ஒரு தம்பி கேக்குகான், "அண்ணே மறுபடி இப்படி ஏதாவது வந்தா எந்த வழி நல்லது?"ன்னு. அவனுக்கு போன்ல பாதி சொன்னேன், மீதிய இங்க எழுதுகேன், வேற யாருக்காவதும் ஒதவும்.

மூணு வழிதான். ஒண்ணு, எல்லா டீமையும் ஒரே எடத்துல அடைச்சு வச்சு சட்டுன்னு முடிக்கிறது, அதாவது பபிள். ரெண்டு, அவனவன் வீட்டுல இருந்து வந்து ஆடிட்டு அவனவன் வீட்டுக்கு போறது, நடுவுல டெஸ்ட்டு, சானிடைசர், காய்ச்சல் பாக்குற துப்பாக்கி. மூணு, இந்த வருசம் வேண்டாம்னு கும்பிடு போட்டுறது. முன்னுக்கே சொல்லிருகேன், நான் பபிள் பக்கம், நாங்களும் அதத்தான் செஞ்சோம், அதனால நடுநிலைன்னுலாம் எதிர்பாக்காதீங்க.

கூட்டத்த பத்தி பேசவே வேண்டாம். கூட்டம் கூடாது, அவ்ளோதான், மூணு வழிலயும் அதுல வாதம் இல்ல. 2020 மார்ச் 14ல ஐஎஸ்எல் கால்பந்து பைனலே கோவா ஃபடோர்டால காலி ஸ்டேடியத்துலதான் நடந்துச்சு, கொல்கத்தாவோட ஏடிகே சென்னையின 3-1ன்னு அடிச்சது, கைதட்ட ஆள் இல்ல. நாங்க போன்ல லைவ் விட்டோம், கல்ஃப்ல இருக்க பயலுகளுக்கு அது கொண்டாட்டமா போச்சு, மதிலு மேல ஏறுனவன எறக்குறதுதான் கமிட்டிக்கு முழுநேர வேலை.

கேன்சல் பண்றது சுலபம்னு தோணும், ஆனா அதுலயும் தலைவலி உண்டு, முக்கியமா பாதில நிறுத்துனா. ஃபிரான்ஸ்ல 2020 ஏப்ரல் கடைசில லீக்க அப்படியே நிறுத்தி, பத்து ரவுண்டு பாக்கி இருக்கும்போதே பாரிஸ் டீம சாம்பியன்னு சொல்லி, ஆமியங், துலூஸ் ரெண்டையும் கீழ் டிவிஷனுக்கு தள்ளுனாங்க, ஆமியங் கோர்ட்டுக்கே போயிட்டு. நெதர்லாந்துல அயாக்ஸும் ஆல்க்மாரும் ஒரே பாயிண்ட்ல நின்னுச்சு, யாருக்கும் கப்பு கெடையாதுன்னு சொல்லி மூடிட்டாங்க. நம்ம நாட்டுலயே ஐ-லீக் கால்பந்து பாதில நின்னு மோகன் பகான சாம்பியன்னு அறிவிச்சாங்க. 2020-21 சீசன்ல ரஞ்சி டிராபி நடக்கல, சந்தோஷ் டிராபியும் நடக்கல. ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே வேண்டாம்னு சொல்லிட்டா இந்த வம்பு கெடையாது, விம்பிள்டன் அப்படித்தான் 2020ல மொத்தமா நிறுத்துனாங்க, அவங்க கையில நோய்க்கான இன்சூரன்ஸ் வேற இருந்துச்சு. நமக்கு இன்சூரன்ஸ் எங்க, நன்கொடை சீட்டு புக்குதான். ஒரு வருசம் நன்கொடை கேக்காம விட்டா அடுத்த வருசம் மொதல்ல இருந்து ஒவ்வொருத்தனையா போய் பாக்கணும், கமிட்டில இருந்தவனுக்கு இது தெரியும்.

இனி மெயின் விஷயம். வீட்டுல இருந்து வந்து ஆடுறதா, அடைச்சு வச்சு ஆடுறதா. இதுல எல்லாரும் மைதானத்துல என்ன நடக்கும்னே யோசிக்காங்க, பந்த துடைக்கணுமா, கை குலுக்கலாமா, மாஸ்க் போட்டு பெஞ்சுல இருக்கணுமான்னு. எனக்க கணக்குல அதுலாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், ஆடுறவன் ராத்திரி எங்க படுக்குறான், யார்கூட படுக்குறான். மைதானத்துல ஒருத்தன் இருக்கது ரெண்டு மணி நேரம், மீதி இருபத்திரெண்டு மணி நேரம் அவன் எங்க இருந்தான்னு நமக்கு தெரியாது.

எங்க டீம் பயலுகளையே எடுத்துக்கிடுங்க. ஒருத்தனுக்கு அப்பா விசைப்படகுல கொச்சி தொறைமுகத்துல ஏறி எறங்குகாரு, அங்க எத்தன ஊரு ஆளுகள பாப்பாரோ. ஒருத்தனுக்கு அண்ணன் துபாய்ல இருந்து வந்து இறங்கிருக்கான். ஒருத்தன் அக்கா நர்ஸு. எல்லா வீட்டுலயும் வயசான பாட்டி ஒண்ணு திண்ணைல உண்டு, கடற்கரைல வீடுக எப்படி ஒட்டிக் கெடக்கும்னு பாத்தவங்களுக்கு தெரியும், ஒரு வீட்டுல இருமுனா அடுத்த வீட்டுல கேக்கும். நோய் அந்த வீட்டுல இருந்து மைதானத்துக்கு வரும், மைதானத்துல இருந்து இன்னொரு ஊருக்கு போவும், அங்க இருந்து இன்னொரு பாட்டிக்கு போவும். இருவது வயசு பயலுக்கு ரெண்டு நாள் காய்ச்சல், அவ்ளோதான், பிரச்சன அந்த பாட்டிக்கு. ஆடுறவனுக்கு ஒண்ணும் ஆகாதுங்குறது இந்த கணக்குல பதிலே இல்ல.

பெரிய பணக்கார லீக்குகளுக்கும் இதே கததான். 2020ல அமெரிக்கால பாஸ்கட்பாலும் பேஸ்பாலும் ஒரே சமயத்துல நடந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தாலே போதும். பாஸ்கட்பால் லீக்கான என்பிஏ மார்ச் 11ல நின்னு, ஜூலை 30ல ஆர்லாண்டோ டிஸ்னி வளாகத்துக்குள்ள 22 டீம அடைச்சு வச்சு ஆடி அக்டோபர் 11ல முடிச்சாங்க, மேட்ச்சு தொடங்குன பொறவு உள்ள ஒரு பிளேயருக்கும் பாசிட்டிவ் வரல. பேஸ்பால்காரங்க சீசன 60 மேட்ச்சா சுருக்குனாங்க, ஆனா வழக்கம்போல ஊரு ஊரா போய் ஆடுனாங்க, ஜூலை 23ல தொடங்கி ஒரு வாரத்துக்குள்ளயே மயாமி டீம்ல பாதிக்கு மேல படுத்துட்டு, செயின்ட் லூயிஸ் டீம் ரெண்டு வாரத்துக்கும் மேல ஒரு மேட்ச்சும் ஆட முடியல, பொறவு ஒரே நாள்ல ரெண்டு ரெண்டு மேட்ச்சா ஆடியும் 58தான் முடிஞ்சுச்சு. கடைசில பிளேஆஃப் வந்தப்ப அவங்களும் டீமுகள சில எடத்துல மட்டும் அடைச்சு வச்சுதான் ஓட்டுனாங்க.

நம்ம ஐபிஎல்லே ரெண்டு வழிக்கும் சாட்சி. 2020ல துபாய், அபுதாபி, ஷார்ஜா மூணே மைதானம், பஸ்ல போய் வார தூரம், பிளைட் ஏற வேண்டாம். தொடங்குறதுக்கு முன்னாடி சிஎஸ்கே கூட்டத்துல 13 பேருக்கு வந்துச்சு, அத சமாளிச்சு செப்டம்பர் 19ல தொடங்கி நவம்பர் 10ல முடிச்சிட்டாங்க. 2021ல அதே போர்டு, அதே பணம், அதே பபிள்னுதான் சொன்னாங்க, ஆனா ஆறு ஊருல வைக்க பிளான் போட்டாங்க, ஊருக்கு ஊரு பிளைட்டு, வெளியில ரெண்டாவது அலை எரியுது. 29 மேட்ச்சு முடிஞ்சு மே 4ல நிறுத்திட்டாங்க. கொல்கத்தா டீம்ல வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் மொதல்ல வந்துச்சு, சிஎஸ்கே கோச்சு நம்ம பாலாஜிக்கு வந்துச்சு, சாஹா, அமித் மிஸ்ரான்னு வரிசையா. மீதிய திரும்ப யுஏஇ கொண்டு போய்தான் அக்டோபர் 15ல முடிச்சாங்க. அதே வருசம் டிஎன்பிஎல்காரங்க புத்தியா, திண்டுக்கல் நத்தம், நெல்லை சங்கர் நகருன்னு சுத்துறத விட்டுட்டு எல்லாத்தையும் சேப்பாக்கத்துலயே வச்சு, ஜூலை 19ல தொடங்கி ஆகஸ்ட் 15ல முடிச்சிட்டாங்க.

ஐஎஸ்எல் 2020-21ம் அப்படித்தான், 11 டீமும் கோவால, மூணு மைதானம், நவம்பர் 20ல இருந்து மார்ச் 13 வரைக்கும் முழு சீசன். எங்க பக்கம் அத கண்ணுல எண்ணெய விட்டுட்டு பாத்தோம், ஏன்னா எங்க இரவிபுத்தன்துறை சூசைராஜ் அப்ப ஏடிகே மோகன் பகானுக்கு ஆடுனாரு. மொத மேட்ச்லயே, கேரளா பிளாஸ்டர்ஸோட, முட்டில அடிபட்டு வெளிய போயிட்டாரு, கொரோனாவுக்கு வேலையே வைக்காம. அதுவும் ஒரு கணக்குதான், மாசக்கணக்குல சரியா ப்ராக்டிஸ் இல்லாம நேரா மேட்ச்சுல எறக்குனா காலு தாங்குமாங்குற பயம். அஞ்சு ஆள மாத்தலாம்னு 2020 மே மாசம் விதிய மாத்துனதே அதுக்குத்தான். அவருக்கு அடிபட்டது அதனாலதான்னு நான் சொல்ல வரல. நாங்க அஞ்சு பத்தாதுன்னு செவன்ஸ்ல, அதாவது டீமுக்கு ஏழு பேரு ஆடுற ஆட்டத்துல, எத்தன பேர வேணும்னாலும் மாத்தலாம்னு வச்சிட்டோம், பெரிய கோச்சுக யாராவது சிரிச்சிருப்பாங்க, சிரிக்கட்டும்.

இப்ப நாங்க செஞ்சத சொல்லுகேன். டீமுகள பாதியா கொறச்சோம். சபைக்கு சொந்தமான கல்யாண மண்டபம் சும்மா கெடந்துச்சு, அதுல ஒரு டீமுக்கு ஒரு மூலைன்னு பாய விரிச்சோம். உள்ள வரும்போது ஒரு டெஸ்ட்டு, ரிசல்ட்டு வர்ற வரைக்கும் டீம் டீமா தனித்தனி. சமையல்காரங்களும் உள்ளயே தங்குனாங்க, ரெப்ரியும் உள்ளதான். மீனும் மரச்சீனிக் கிழங்கும் வீடுகள்ல இருந்து வரும், கேட்டுக்கு வெளிய வச்சிட்டு கூப்பிட்டு சொல்லிட்டு போவாங்க. ஒரு வாரத்துக்குள்ள பைனல் வரைக்கும் முடிக்கணும்னு காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு போட்டோம்.

பபிள்ல பூட்டுற கதவுதான் முக்கியம், மத்தது எல்லாம் அலங்காரம். செலவு பெருசா ஆகல, என்பிஏகாரங்களுக்கு 150 மில்லியன் டாலருக்கு மேல ஆச்சாம், எங்களுக்கு அரிசியும் கேஸு சிலிண்டரும் கரெண்டு பில்லும், அதுக்கு பிரைஸ் மணில வெட்டுனோம், ஒருத்தனும் வாய தொறக்கல. கஷ்டம் பணத்துல இல்ல, கேட்டுல. பீடி வாங்க ஒருத்தன் போவான், சார்ஜர் எடுக்க ஒருத்தன் போவான், "அண்ணே இந்தா வந்துட்டேன்"னு. ஒருத்தனுக்கு சொந்தத்துல ஒரு சாவு. போகாதேன்னு சொல்ல நமக்கு வாயி வருமா, போயிட்டு வான்னுதான் சொன்னோம், ஆனா திரும்ப உள்ள எடுக்கல. அவன் டீம் அரையிறுதில தோத்துட்டு, அவன் இருந்திருந்தா ஜெயிச்சிருக்கும்னு எனக்கே தோணுச்சு. அவங்க வீட்டுக்காரங்க ரொம்ப நாளு எங்க கமிட்டிக்காரங்க மொகத்த பாத்து பேசல. இத செய்ய முடியாத கமிட்டி பபிள் பக்கமே போகக்கூடாது, ஒருத்தனுக்கு தொறந்தா அது ரெண்டாவது வழிதான், மண்டப வாடகைதான் மிச்சம்.

இன்னொரு கொறையும் உண்டு, மறைக்கல. அடைச்சு வச்சா வேலைக்கு போறவன் வர மாட்டான். தங்கு கடலுக்கு, அதாவது வாரக்கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்க போறவனுக்கு ஒரு தடவ போட்ட விட்டா மாசக்கணக்குல வருமானம் போச்சு, செவன்ஸ் கப்புக்காக எவன் விடுவான். அதனால எங்க டோர்னமெண்டுல பாதிக்கு மேல காலேஜ் பயலுக, ஊருலயே நல்ல ஸ்டாப்பர் பேக்கு அப்ப நடுக்கடல்ல கெடக்கான். (யோசிச்சு பாத்தா பன்னெண்டு பேரு வாரக்கணக்குல ஒரே போட்டுல கெடக்குற அவங்கதான் அசல் பபிள், கரை சேர்ற வரைக்கும்.) ஜூன் ஜூலை ரெண்டு மாசம் மேற்கு கடல்ல மீன்பிடி தடை, அப்ப வச்சா எல்லாரும் ஊருல இருப்பாங்க, ஆனா அப்ப மழை, போதாததுக்கு 2021ல அந்த நேரம் லாக்டவுன் வேற.

ரெண்டாவது வழி எப்பவுமே தோக்கும்னு சொல்ல மாட்டேன், அது பொய்யா போவும். ஜெர்மனில 2020 மே 16ல லீக்க மறுபடி தொடங்குனப்ப தொடக்கத்துல ஒரு வாரம் ஹோட்டல்ல வச்சாங்க, பொறவு பிளேயருக வீட்டுல இருந்துதான் வந்தாங்க, அடிக்கடி டெஸ்ட்டு, சீசன் முடிஞ்சுச்சு. ஆனா அப்ப அங்க வெளியிலயே நோய் எறங்கிட்டு இருந்த நேரம். அப்படி இருந்தும் ரெண்டாவது டிவிஷன்ல டிரெஸ்டன் டீம்ல ரெண்டு பேருக்கு வந்து மொத்த டீமையும் 14 நாள் வீட்டுல இருத்திட்டாங்க, பொறவு நெருக்கி நெருக்கி மேட்ச்சு ஆடி, கடைசில கீழ் டிவிஷனுக்கு போச்சு. ஊருல கேஸு கொறவு, நல்லா டெஸ்ட்டு எடுக்க வசதி இருக்கு, டீம்ல ஆள் கூட இருக்கு, இது மூணும் இருந்தா வீட்டுல இருந்து வந்து ஆடலாம். நம்ம கிளப்புகள்ல மூணாவதே கெடையாது, ஒரு டீம்ல மூணு பேரு படுத்தா கோல் கீப்பர ஸ்ட்ரைக்கரா விடணும்.

பபிளுக்கும் எல்லை உண்டு. 2022 ஜனவரில ஓமிக்ரான் வந்தப்ப அதே கோவா பபிள்ல மேட்ச்சு வரிசையா தள்ளிப் போச்சு, கொல்கத்தால ஐ-லீக்க டிசம்பர் கடைசில தொடங்கி உடனே நிறுத்தி மார்ச்லதான் மறுபடி ஆடுனாங்க. அவ்ளோ வேகமா பரவுற நோய்க்கு எங்க கல்யாண மண்டபம் தாக்குப் பிடிச்சிருக்குமான்னா, பிடிச்சிருக்காதுன்னுதான் நெனைக்கேன். எங்களுக்கு ஒருத்தருக்கும் வராம முடிஞ்சதுல பூட்டுக்கு எவ்ளோ பங்கு, அந்த மாசம் ஊருல நோயே கொறவா இருந்ததுக்கு எவ்ளோ பங்குன்னு பிரிச்சு சொல்ல என்கிட்ட வழி இல்ல. ஒரே ஒரு டோர்னமெண்ட வச்சுதான் பேசுகேன்.

தம்பிகிட்ட சொன்ன ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அன்னைக்கு எங்களுக்கு இல்லாத ஒண்ணு, வீட்டுலயே மூக்குல குச்சி விட்டு பாக்குற கிட்டு, அது 2021 மே மாசம்தான் அனுமதி ஆச்சு, 250 ரூவா. அது முன்னாடியே இருந்திருந்தா மண்டபத்துல பாய விரிக்காம, மேட்ச்சு அன்னைக்கு காலைல எல்லாரையும் பாத்துட்டு எறக்கிருக்கலாமேன்னு அவன் கேட்டான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்கு நெகட்டிவ்னு காட்டுறவன் நாளன்னைக்கு பாசிட்டிவ் ஆகலாம், அதுவும் அந்த கிட்டு நோயோட தொடக்கத்துல பல பேர விட்டுரும். அதனால மறுபடி வந்தா நான் கிட்டையும் வாங்குவேன், மண்டபத்தையும் புக் பண்ணுவேன், கேட்டு சாவிய ஊருல யாருக்கும் சொந்தக்காரன் இல்லாத ஒருத்தன் கையில குடுப்பேன். அப்படி ஒருத்தன் எங்க ஊருல கெடைப்பானான்னுதான் தெரியல.