பெட்ரோலில் தண்ணி என்று சொல்லி 34,750 ரூபாய் வாங்கிவிட்டார்கள், உஷார்

கார் சர்வீஸ் செயலிக்காரர்களிடமிருந்து நேற்று சாயங்காலம் கடைசி பதில் வந்தது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று ஒற்றை வரி. ராத்திரி தூங்கவில்லை. 34,750 ரூபாய். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எனக்கு அது ஒன்றரை மாதச் சம்பளம். அவர்கள் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சான் பயப்படுகிறார், அதனால் போடவில்லை. செயலியில் புக் பண்ணினால் வீட்டுக்கே ஆள் வந்து காரை எடுத்துப்போய் சர்வீஸ் பண்ணித் தருகிற வகை. அடையாளத்துக்கு அது போதும்.

என்னுடையது 2016 மாடல் பெட்ரோல் வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிறு, பெருந்துறையில் பெரியப்பா மகள் வீட்டுச் சீருக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு பங்க்கில் ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி திக்க ஆரம்பித்தது. மிதித்தால் பிக்கப் இல்லை, குலுங்குகிறது, எஞ்சின் லைட் விட்டுவிட்டு மினுக்குகிறது. அப்படியே மெதுவாக உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். (அந்த லைட் மினுக்கினால் ஓட்டவே கூடாதாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் பண்ணுகிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடுமாம். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.)

சீர் வீட்டு வாசலில் வண்டியைச் சுற்றி நாலு பேர் நின்று நாலு காரணம் சொன்னார்கள். கடைசியில் நாலு பேரும் வந்து நின்ற இடம் பெட்ரோலில் கலக்கிற எத்தனால். "இப்ப வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது அதானுங்க, பழைய வண்டி தாங்குமா?" என்றார் சித்தப்பா. அதில் பாதி உண்மை. 20 சதவீதக் கலப்பைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியதே 2023 ஏப்ரல் வாக்கில்தான். எத்தனால் எரியும்போது தருகிற சூடு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு கம்மி, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். தண்ணீரையும் இழுக்கும், அந்தத் தண்ணி அளவு மீறினால் எத்தனாலோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கும். இத்தனையும் கேட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் திங்கட்கிழமை அந்தச் செயலியைத் திறந்தேன். அவர்களுக்கு என்னைப் பயமுறுத்த வேண்டிய வேலையே இருக்கவில்லை.

வண்டி எடுக்க வந்த பையன் சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டான், கால் வைக்கிற இடத்தில் பேப்பர் விரித்தான். "ஒண்ணும் கவலைப்படாதீங்ணா, நம்ம வண்டி மாதிரிப் பாத்துக்கறோமுங்" என்றான். நம்மூர்ப் பேச்சு. என் மனைவி காபி கொடுத்தாள். நான் நம்பியது அந்த ஒரு 'ங்'கை. இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. ஒரு கை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, கையில் கண்ணாடி பாட்டில். மேலே மஞ்சளாகப் பெட்ரோல், கீழே கலங்கலாக இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணி. "உங்க டேங்க்ல இருந்து எடுத்தது சார். பம்ப் போச்சு, இன்ஜெக்டர் நாலும் அடைச்சிருக்கு. டேங்க்கை இறக்கியாச்சு, இப்ப வேண்டாம்னாலும் சார்ஜ் வரும்." முன்பணம் 10,000 உடனே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்.

அதோடு நிற்கவில்லை. அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு நேராக அந்தப் பங்க்குக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மேனேஜர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், கறை இல்லாமல் காய்ந்தது. ஹைட்ரோமீட்டர் வைத்து அடர்த்தி பார்த்து, காலையில் பதிவேட்டில் எழுதியதோடு ஒப்பிட்டுக் காட்டினார். நிலத்தடி டேங்க்கில் விடும் கம்பியில் தண்ணி பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி விட்டு எடுத்தார், நிறம் மாறவில்லை. முத்திரை வைத்த ஐந்து லிட்டர் அளவையும் பிடித்துக் காட்டினார். "யார் கேட்டாலும் காட்டணுமுங்க, யாருமே கேக்கறதில்லை" என்றார். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. செயலிக்காரர்களிடம் போனில் கேட்டதற்கு, "நேத்து லோடு தீர்ந்திருக்கும் சார், இன்னிக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றார்கள். அதையும் நம்பினேன்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது. மீதி 24,750 கட்டினால்தான் சாவி. பில்லை அப்படியே போடுகிறேன்: பம்ப் 11,800, இன்ஜெக்டர் கிளீனிங் 6,400, டேங்க் கிளீனிங் 4,500, எஞ்சின் டீகார்பன் 5,200, பெட்ரோலில் ஊற்றுகிற மருந்து மூன்று பாட்டில் 2,850, கூலி 4,000. ஆக 34,750. பழைய பம்ப் எங்கே என்றேன். "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும் சார்." இனிமேல் விலை கூடின, ஆக்டேன் அதிகமான பெட்ரோல்தான் போடணும் என்று ஒரு புத்திமதி வேறு. ஆக்டேன் என்பது எஞ்சின் தட்டாமல் இருப்பதற்கான கணக்கு, சுத்தம் பண்ணுகிற சோப்பு இல்லை. வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஆக்டேன் இருந்தால் போதும். ஆனால் அன்றைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் காங்கேயம் போகும்போது எஞ்சின் நன்றாகச் சூடானதும் அதே திக்கல், அதே லைட்.

காங்கேயத்தில் ஒரு பழைய பட்டறை, அறுபது வயதுக்காரர். முதல் கேள்வியே, "ஏனுங் தம்பி, பம்ப் மாத்துனோம்னு சொன்னாங்களா?" பின் சீட்டைத் தூக்கினார். என் வண்டியில் பம்ப் மூடி அதற்கு அடியில்தான் இருக்கிறது. மூடி மேல் விரல் கனத்துக்குப் புழுதி, ஸ்க்ரூவில் ஒரு கீறல் கிடையாது. அந்தப் புழுதிக்கு நடுவில், போன வருடம் பழனியில் வாங்கி அன்றைக்கே காணாமல் போன என் மகளின் பாசிமணி கிடந்தது. டேங்க்கையும் யாரும் இறக்கவில்லை, அதன் பட்டைகளில் வைத்த மண் வைத்தபடி இருந்தது. அவர் அந்த மூடியைக் காட்டினார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கேனர் போட்டதில் வந்தது பி0302. இரண்டாம் சிலிண்டர் எரியவில்லை என்று அர்த்தம். இரண்டாவதின் இக்னிஷன் காயிலை (பிளக்கில் பொறி வர மின்சாரம் கொடுப்பது) கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டினார், கோளாறு பி0303 ஆக மாறியது. அவ்வளவுதான் சோதனை, பத்து நிமிடம். பெட்ரோலில் தண்ணி என்றால் கோளாறு காயில் பின்னாடியே நடந்து போகுமா? காயில் 2,150, நாலு பிளக் 920, கூலி 500. மொத்தம் 3,570. இதைவிட வயிறு எரிந்தது ஒன்று உண்டு. செயலிக்காரர்கள் முதல் நாள் அனுப்பிய ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தேன், நாலாம் பக்கத்தில் அதே பி0302 இருக்கிறது. அவர்களுக்குத் தெரியும்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டிப் புத்தகத்தில் 40,000 கிலோமீட்டரில் பிளக் மாற்றச் சொல்லியிருக்கிறது. நான் மாற்றவில்லை, எனக்கு விற்றவரும் மாற்றவில்லை. பிளக் முனை தேய்ந்து இடைவெளி கூடினால் பொறி தாண்டுவதற்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும், அந்தச் சுமை முழுக்கக் காயில் தலையில் விழும். அப்படித்தான் போயிருக்கும் என்றார் அவர். 920 ரூபாய் வேலையைத் தள்ளிப்போட்டதில் வந்த வினை, அதற்குப் பெட்ரோலைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. முதல் போன்: "டிக்கெட் போட்டாச்சு சார், 48 மணி நேரம்." நான்காம் நாள்: "உங்க ஏரியா மேனேஜர் லீவு." ஏழாம் நாள் ஒரு பெண்: "வெளி மெக்கானிக் தொட்டதால வாரன்டி கேன்சல் சார்." சரி, மாற்றாத பம்ப்புக்கு எதுக்கம்மா வாரன்டி என்றேன். லைன் கட். புழுதியோடு இருக்கும் மூடியின் போட்டோவை மூன்று தரம் அனுப்பினேன். "படம் தெளிவாக இல்லை" என்று பதில். வண்டி எடுக்க வந்த பையனின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

போன வாரம் கம்பெனியில் புலம்பிக்கொண்டிருந்தபோது கட்டிங் மாஸ்டர் தன் போனை நீட்டினார். அவருக்கும் ஆறு மாதம் முன்னால் ஒரு பாட்டில் வீடியோ வந்திருக்கிறது. அதே கை. அதே சிவப்புக் கயிறு. அதே இரண்டு விரல் தண்ணி. அவர் கட்டியது 21,000.

என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முடிந்ததைச் சொல்கிறேன். ஸ்கேன் கோடு என்ன என்று முதலில் கேளுங்கள், எழுதி வாங்குங்கள். டேங்க்கில் தண்ணி என்றால் உங்கள் கண் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள், வீடியோ வேண்டாம். மாற்றின பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். பங்க் மேல் சந்தேகம் என்றால் அங்கேயே தாளும் அடர்த்தியும் கேளுங்கள். பிளக், ஏர் பில்டர், ஆயில் எப்போது மாற்றணும் என்பதெல்லாம் வண்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது, அதை டேஷ்போர்டுக்குள்ளிருந்து வெளியே எடுங்கள்.

அந்தப் பங்க் மேனேஜரிடம் நேற்றுப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். கட்டிங் மாஸ்டரும் பதியப் போகிறார். கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, எங்கே இருந்தாலும் சரி, சிவப்புக் கயிறு கட்டிய கை பாட்டிலைப் பிடித்திருக்கும் வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.