ஒரு வளவுக்குள் இரண்டு ரவுட்டர்: இரண்டு வருடப் பாவனை

கிளிநொச்சியில், இரணைமடுப் பக்கம் எங்கள் வளவில் இரண்டு வீடு. முன்னுக்கு நாங்கள், பின்னுக்குச் சித்தப்பா குடும்பம். சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி, மாதக் காசைப் பாதிப் பாதியாகப் போட்டு, இரண்டு வருடமாகப் பாவிக்கிறோம்.

முதல் மூன்று மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு இரவு ஏழு மணியானால் நெட் நின்றுவிடும். வைஃபை கோடு முழுக்கக் காட்டும், ஆனால் ஒன்றும் திறக்காது. கொஞ்ச நேரத்தில் தானாக வரும், திரும்பப் போகும். அந்த நேரம் ஊரே போனும் கையுமாக இருக்கும், டவரில் நெரிசல் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். சேவை இலக்கத்துக்கு அடித்தால் 'ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ' என்ற ஒரே மருந்து.

தங்கச்சி ஒன்லைன் வகுப்பில் மூன்றாம் தரமும் வெளியே தள்ளப்பட்ட அன்றுதான் மடிக்கணினியை எடுத்தேன். இரண்டு பிங் ('இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கிற கட்டளை) ஓடவிட்டேன்: ஒன்று 192.168.1.1, அதாவது வீட்டு ரவுட்டர், மற்றது 8.8.8.8, வெளியே இருப்பது. முதலாவது பதில் தராவிட்டால் கோளாறு வீட்டுக்குள். இரண்டாவது மட்டும் நின்றால் வெளியே. நெட் போனபோது இரண்டாவதுதான் நின்றது. சரி, டவர்தான் என்று மூடப் போனேன். சிக்னல் எவ்வளவு என்று பார்க்க அதே 192.168.1.1ஐப் பிரவுசரில் திறந்தால், வந்தது எங்கள் ரவுட்டரின் பக்கமே இல்லை!

சித்தப்பாவின் மகன், தங்கள் பக்கம் வைஃபை எட்டவில்லை என்று, அலுமாரியில் கிடந்த பழைய தொலைபேசி லைன் ரவுட்டரைக் கேபிளில் மாட்டியிருக்கிறான். டியூஷன் முடிந்து வந்து போடுவான், படுக்கும்போது நிற்பாட்டுவான். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி. இரண்டும் போன்களுக்கு ஐபி, அதாவது ஆளுக்கொரு இலக்க முகவரி, பங்கிட்டன. பழையதிடம் மாட்டிய போனுக்கு வெளியே போக வழியே கிடையாது. பிங்குக்குப் பதில் சொன்னதும் அதுதான். அவனையும் குறை சொல்லேலாது. கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் மாட்டச் சொல்லியிருப்பேன்.

பழையதில் டிஎச்சிபியை, அதாவது ஐபி பங்கிடும் வேலையை, நிற்பாட்டி, முகவரியை 192.168.1.2 ஆக்கி, கேபிளை வீட்டுப் பக்கத்து லான் துளையிலேயே விட்டோம். ஏழு மணிப் பிரச்சினை அன்றோடு சரி.

மிச்சம் சில்லறை. தகரக் கூரைக்குக் கீழே இருந்த ரவுட்டரை ஜன்னலோரம் வைத்தபோது சிக்னல் -113 dBm இலிருந்து (சிக்னல் பலத்தின் அளவு) -99க்கு வந்தது. பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. கிணற்று மோட்டர் போட்டால் வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் அணைந்து எழும்பும், அதற்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் போதும். இணையத்தில் எல்லோரும் சொல்கிற 1, 6, 11 என்று வைஃபை சனல் மாற்றும் வித்தை எங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. அது பக்கத்து வைஃபைகள் ஒன்றோடொன்று முட்டுகிற கொழும்பு மாடிவீட்டு வருத்தம்; இங்கே அடுத்த வைஃபை நாலு தென்னைக்கு அப்பால்.

ஐப்பசி மழையில் இடி முழங்கத் தொடங்கினால் வயரைக் கழற்றிவிடுகிறோம், அதற்கு வேறு மருந்தில்லை. இரு வீட்டுக்கும் இடையே போகிற கேபிளை அணில் இரண்டு தரம் கடித்துவிட்டது. இப்போது அது தண்ணீர்க் குழாய்க்குள் போகிறது.