தடித்த சாய்வெழுத்து: டைம்ஸ், பொடோனி, ஜார்ஜியா

ஆங்கில எழுத்துருக் குடும்பம் ஒன்றை மதிப்பிட வேண்டுமானால் நான் முதலில் பார்ப்பது அதன் போல்ட் இட்டாலிக்கை, அதாவது தடித்த சாய்வெழுத்தைத்தான். சாய்வெழுத்து, வேகமாக எழுதும் கையின் ஓட்டத்தைப் பின்பற்றி, பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அச்சுகளில் 1501இல் வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸின் நூல்களில் இடம்பெற்றது. தடித்த எழுத்தோ 19ஆம் நூற்றாண்டின் விளம்பரங்களுக்கும் அகராதிகளுக்கும் தேவைப்பட்டு வளர்ந்தது. இவ்விரண்டையும் ஓர் எழுத்தில் இணைப்பதற்குப் பழைய முன்மாதிரி இல்லாததால், மெலிந்து பிறந்த வடிவத்தைப் பருமனாக்கியும் அதன் ஓட்டம் கெடாமல் காப்பது வடிவமைப்பாளரின் திறமையைப் பொறுத்ததாகிறது.

டைம்ஸ் நியூ ரோமன், லண்டன் நாளிதழான ‘தி டைம்ஸ்’ 1932இல் பயன்படுத்தத் தொடங்கிய எழுத்து. ஸ்டான்லி மாரிசனின் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் வரைந்தது. பத்தியின் இடத்தை மிச்சப்படுத்தும் ஒடுக்கம் அதன் பலம். தாளில் அச்சாகும் ஆய்வேடுகளின் உட்தலைப்புகளுக்கு அதன் தடித்த சாய்வு நன்றாகவே பொருந்தும். திரையில் சிறிய அளவில் வரும்போது எழுத்தின் உள்வெளிகள் அடைபட்டதுபோல் தெரியும்.

பொடோனியின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. பார்மா நகரத்து ஜாம்பாட்டிஸ்டா பொடோனியின் 18ஆம் நூற்றாண்டு வடிவங்களைப் பின்பற்றி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாரிஸ் ஃபுல்லர் பெண்டன் புதுப்பித்த குடும்பம் உட்படப் பல பதிப்புகள் அதற்கு உண்டு. தடித்த கோட்டுக்கும் மயிரிழைக் கோட்டுக்கும் இடையிலான வேறுபாடு, சாய்ந்து நிற்கும்போது இன்னும் கூர்மையடைந்து, 48 பாயிண்டில் வைத்த ஒரு சொல்லையே ஓவியமாக்கிவிடுகிறது. அதே எழுத்தை 9 பாயிண்டுக்குக் குறைத்தாலோ, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக விட்டாலோ, மயிரிழைகள் மறைந்தும் மையில் மூழ்கியும் போகின்றன. கண்ணில் படுபவை வேலிக் கம்புகளைப் போன்ற தடித்த கோடுகள் மட்டுமே. அட்டைக்கும் பெருந்தலைப்புக்கும் அப்பால் அதைக் கொண்டுசெல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜியா. மைக்ரோசாஃப்டுக்காக மேத்யூ கார்ட்டர் வடிவமைத்து 1996இல் வெளிவந்த இதில், முதலில் பிக்சல் (திரைப்புள்ளி) வடிவங்களை அமைத்து, அவற்றுக்கேற்பப் பின்னரே வெளிக்கோடுகளை வரைந்தார் கார்ட்டர். அக்காலத் திரையில் ஒரு பிக்சல் கோட்டுக்கு அடுத்த பருமன் இரண்டு பிக்சல்தான் என்பதால் அதன் தடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக அமைந்தது. அவ்வளவு பருமனிலும் அதன் இட்டாலிக் கையெழுத்தின் வளைவை இழக்கவில்லை. ஒரு குறை உண்டு: 3, 4, 5, 7, 9 ஆகிய எண்கள், எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி நிற்பதால், விலைப் பட்டியலுக்கும் கணக்கு அட்டவணைக்கும் அது ஒவ்வாது.

எதைத் தேர்ந்தாலும், குடும்பத்தின் நான்கு கோப்புகளும் (நேரெழுத்து, சாய்வு, தடித்தது, தடித்த சாய்வு) கணினியில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போல்ட் இட்டாலிக் கோப்பு இல்லாதபோது மென்பொருள் நேரெழுத்தையே சாய்த்துத் தடிப்பாக்கிவிடலாம். மேல்கொக்கியுடைய சிறிய ஆங்கில ‘a’, கையால் எழுதும் ஒற்றை வட்ட வடிவத்துக்கு மாறாமல் அப்படியே நிற்பது அதைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வெழுத்து வரையப்படாததால், இருமொழிப் பக்கங்களில் ஆங்கிலம் தடித்த சாய்வில் இருந்தாலும் அருகிலுள்ள தமிழைத் தடிப்பு மட்டும் கொடுத்து நேராக நிறுத்துவதே நல்லது.