எக்ஸ்சேஞ்ச், மொபைல் வாலட், ஹார்டுவேர் வாலட்: யார் கண்ணுக்கு எது தெரிகிறது?

கிரிப்டோ வாலட் ஒப்பீடுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகின்றன: காசு திருட்டுப்போகாமல் இருக்குமா? அது சாவியைப் பற்றிய கேள்வி; சாவி என்றால் காசை நகர்த்தும் உரிமை தரும் ரகசிய எண். தனியுரிமை வேறு கணக்கு. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு அனுப்பினீர்கள், எங்கே உட்கார்ந்து அனுப்பினீர்கள் என்பதெல்லாம் யார் யாருக்குத் தெரிகிறது? சாவியைக் காப்பதில் முதலிடம் பிடிக்கும் வாலட் இதிலும் முதலிடம் பிடிக்கும் என்று நம்பி வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வாலட்டுகளுக்குப் போகும் முன் ஒரே ஒரு பரிமாற்றத்தைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். உங்களிடம் 0.05 பிட்காயின் ஒரே துண்டாக இருக்கிறது. ஒருவருக்கு 0.002 தர வேண்டும். துண்டைக் கிள்ளிக் கொடுக்க பிட்காயினில் வழியில்லை. முழு 0.05-உம் உள்ளே போகும்; 0.002 அவருக்கு, கட்டணம் போக 0.048-க்குச் சற்றுக் குறைவான மீதி உங்களுடைய புதிய முகவரிக்கு. வாங்கியவர் அந்தப் பரிமாற்றத்தை, யாரும் பார்க்கக்கூடிய பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் திறந்தால் உங்கள் சில்லறை எவ்வளவு என்று அப்படியே தெரியும். நாளைக்கு அந்தச் சில்லறையை இன்னொரு துண்டோடு சேர்த்துச் செலவழித்தால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று ஊகிப்பார். பிட்காயினின் பொதுப் பேரேடான பிளாக்செயினை அலசும் நிறுவனங்கள் நம்பியிருக்கும் அடிப்படை விதியும் இதுதான். 2009 ஜனவரி 3-இல் தொடங்கிய இந்தப் பேரேட்டில் எதையும் அழிக்க முடியாது. 2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து திருடுபோன 1,19,754 பிட்காயினின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், 2022 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் இருவரைக் கைது செய்தார்கள். ஐந்தரை ஆண்டு கழித்தும் தடம் ஆறவில்லை.

எக்ஸ்சேஞ்சில் விட்டுவைப்பது

கிரிப்டோவை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சில் சாவி உங்களிடம் இல்லை. அடையாள அட்டை, முகப்படம், வீட்டு முகவரி, உள்நுழையும் ஐபி, பணம் எடுக்கும் முகவரி எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் பலர் கவனிக்காத ஒரு நன்மையும் உண்டு. எல்லா வாடிக்கையாளரின் காசும் ஒரே குவியலில் கிடப்பதால், எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராக அனுப்பினால் வாங்குபவருக்கு உங்கள் மீதித்தொகை தெரியாது. வெளியாளிடமிருந்து ஒளிவதில் எக்ஸ்சேஞ்ச், கவனமில்லாமல் பயன்படுத்தும் சொந்த வாலட்டை மிஞ்சிவிடும்.

விலை என்னவென்றால், எல்லாம் ஓரிடத்தில் குவிகிறது. 2014 பிப்ரவரியில் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்ததும் 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்ததும் காசு போன கதைகள். தனியுரிமைக்குப் பொருத்தமான உதாரணம் செல்சியஸ். கிரிப்டோவை வாங்கி வட்டி கொடுத்துக்கொண்டிருந்த அந்த நிறுவனம் 2022-இல் திவாலானபோது, வாடிக்கையாளர்களின் பெயர்களும் பரிமாற்றங்களும் 14,000 பக்கங்களுக்கு மேல் நீதிமன்ற ஆவணமாகவே வெளியாயின. யாரும் ஹேக் செய்யவில்லை, சட்டப்படியே நடந்தது. அந்தப் பட்டியலில் உள்ள தொகையையும் தேதியையும் பேரேட்டோடு ஒப்பிட்டால் முகவரிக்குப் பெயர் கிடைத்துவிடும்.

மொபைல் வாலட்

சாவி உங்கள் போனில் இருக்கும். அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. வாலட்டைத் திறந்ததும் மீதித்தொகை திரையில் வருகிறதே, அது போனுக்குள் இருந்து வருவதில்லை. உங்கள் முகவரிகளை யாரோ ஒருவருடைய சர்வரிடம் கொடுத்துக் கேட்டு வாங்குகிறது. ஆக, அந்தச் சர்வருக்கு உங்கள் ஐபியும் தெரியும், இந்த முகவரிகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்பதும் தெரியும். எத்திரியம் என்ற கிரிப்டோவுக்குப் பலர் பயன்படுத்தும் மெட்டாமாஸ்க் வாலட் கேட்காமலேயே இன்ஃப்யூரா சர்வரைத்தான் நாடுகிறது; பரிமாற்றம் அனுப்பும்போது ஐபியும் வாலட் முகவரியும் பதிவாகும் என்று 2022 நவம்பரில் அதன் நிறுவனமான கன்சென்சிஸ் தன் தனியுரிமைக் கொள்கையிலேயே எழுதியதும் பெரிய சலசலப்பு எழுந்தது. அமைப்புகளில் வேறு சர்வரை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் பார்ப்பவர் மாறுவார், பார்வை போகாது.

எத்திரியத்தில் நிலைமை இன்னும் மோசம். பிட்காயின் வாலட் ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி தரும். எத்திரியத்தில் ஒரே முகவரி எல்லாவற்றையும் சுமக்கும். இரண்டாவது கணக்குத் திறப்பவர்கள் உடனே செய்யும் தவறு, முதல் கணக்கிலிருந்து பரிமாற்றக் கட்டணத்துக்கான காசை அதற்கு அனுப்புவது. அந்த ஒரு பரிமாற்றம் போதும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, முகவரி நஞ்சூட்டல். உங்கள் வழக்கமான முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் ஒத்துப்போகும் போலி முகவரியிலிருந்து பூஜ்ஜியத் தொகை வந்து வரலாற்றில் உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை வரலாற்றிலிருந்து காப்பி செய்தால் காசு போயிற்று. நடு எழுத்துகளையும் சரிபாருங்கள்.

ஹார்டுவேர் வாலட்

இது சாவியைத் தனக்குள் வைத்திருக்கும் சிறு தனிக்கருவி. சாவியைக் காப்பதில் இதற்கு நிகர் இல்லை; சாவி கருவியை விட்டு வெளியே வராது. தனியுரிமையில் மட்டும், வாங்கியபடியே பயன்படுத்தினால், மொபைல் வாலட்டைவிட ஓர் அங்குலம்கூட முன்னால் இல்லை. கருவியோடு வரும் செயலி, எக்ஸ்பப் எனப்படும் பொதுச்சாவியை வைத்து உங்கள் முகவரிகளை உருவாக்கி, தயாரிப்பாளரின் சர்வரில்தான் மீதியைக் கேட்கிறது. எக்ஸ்பப் ஒருவர் கைக்குப் போனால் காசை எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கின் பழைய முகவரி, இனி வரப்போகும் முகவரி அத்தனையும் அவருக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய இடி வாங்கும்போதே விழலாம். 2020-இல், ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜரின் விற்பனைத் தரவுத்தளம் கசிந்தது. ஏறத்தாழ 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் அந்த டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. கிரிப்டோ வைத்திருப்பவர் யார், வீடு எங்கே என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் திருடனுக்குக் கிடைக்காது. பிறகு போலி மின்னஞ்சல்கள் வந்தன, சிலர் வீட்டுக்குப் போலிக் கருவியே தபாலில் வந்தது. ஆகவே முடிந்தால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் நேரில் வாங்குங்கள். ஆன்லைன்தான் வழி என்றால், தனி மின்னஞ்சல் தொடங்கி, வீடல்லாத முகவரிக்கு வரவழையுங்கள். வாலட்டை மீட்க உதவும் ரகசிய வார்த்தைகளான சீட் வார்த்தைகள் ஏற்கெனவே எழுதி வந்திருந்தால் அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம்.

தயாரிப்பாளரின் சர்வர் பார்க்கும் ஓட்டையை அடைக்க வழி உண்டு. அவருடைய செயலியை ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிக்க மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்குக் கணினியில் ஸ்பாரோ என்ற பிட்காயின் வாலட் செயலியைப் பயன்படுத்தலாம். கேள்வி மறுபடி அதேதான்: அதை எந்தச் சர்வரோடு இணைப்பது?

பொதுச் சர்வர் இரண்டே நிமிடத்தில் வேலை செய்யும். பார்ப்பவர் யாரென்றே தெரியாது. தொடர்பைப் பல கணினிகள் வழியே சுற்றி அனுப்பும் டோர் வலையமைப்பில் இணைத்தால் ஐபி மறையும், முகவரிகள் ஒன்றாகக் கோக்கப்படுவது மறையாது. டோர் போட்டால் எல்லாம் சரி என்பது இந்தத் துறையில் மிகப் பரவலான மூடநம்பிக்கை. பேரேட்டை உங்கள் கணினியிலேயே இறக்கிச் சரிபார்க்கும் சொந்த நோடு ஒன்றுதான் முழுத் தீர்வு. அதற்கான பிட்காயின் கோர் மென்பொருள் முழுப் பேரேட்டுக்கு 600 ஜிபிக்கு மேல் கேட்கும். 1 டிபி எஸ்எஸ்டி போடுங்கள், பழைய சுழலும் ஹார்டுடிஸ்க்கில் முதல் ஒத்திசைவு நாள்கணக்கில் இழுக்கும். அதன் அமைப்புகளில் டிபிகேஷ் எனப்படும் தற்காலிக நினைவக அளவை 4000 எம்பிக்கு உயர்த்தினால் வேகம் கண்ணுக்குத் தெரியும். இடமில்லாதவர்கள், பேரேட்டின் பழைய பிளாக்குகளை (பக்கங்களை) அழித்துவிடும் ப்ரூன் முறையில் குறைந்தபட்சம் 550 எம்பி அளவுக்கு மட்டும் பிளாக்குகளைச் சேமிக்கலாம். ஆனால் பதிவிறக்கம் முழுசாகவே நடக்கும்; பிறகு பழைய வாலட் ஒன்றைச் சேர்த்தால் பழைய பிளாக்குகள் இல்லாமல் தேடல் நின்றுவிடும். வாலட்டை நோடோடு இணைக்கும் எலெக்டர்ஸ் சர்வரும் ப்ரூன் நோடில் ஓடாது.

காயினை மாற்றினால்?

பிட்காயினில் இருப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, வரும் ஒவ்வொரு துண்டுக்கும் எங்கிருந்து வந்தது என்று லேபிள் போடுங்கள், அனுப்பும்போது எந்தத் துண்டு போகிறது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். அடையாளம் கொடுத்து வாங்கியதையும் மற்றதையும் ஒரே பரிமாற்றத்தில் கலக்காதீர்கள். செலவில்லாத பழக்கம், பலன் பெரிது.

பரிமாற்றங்களை மறைப்பதற்கென்றே உருவான மொனேரோ காயினில் இந்தச் சிரமம் இல்லை. தொகை மறைந்திருக்கும், பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒருமுறை மட்டுமே பயன்படும் முகவரி உருவாகும், 2022 ஆகஸ்ட் முதல் அனுப்புபவரின் துண்டு 16 துண்டுகளின் கூட்டத்தில் ஒன்றாகத் தெரியும். தடை வேறு பக்கம். பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் அதை நீக்கியது. வாங்கும் வாசல்கள் சுருங்கி வருகின்றன. வந்த காசு 10 பிளாக், அதாவது சுமார் 20 நிமிடம், பூட்டிக் கிடக்கும். பிட்காயினை மொனேரோவாக்கி, பூட்டு விலகியதுமே அதே தொகையைத் திரும்ப பிட்காயினாக்குபவர்கள் ஒளியவே இல்லை. நேரமும் தொகையும் காட்டிக்கொடுத்துவிடும். பலருடைய காசைக் கலந்து தடத்தை மறைக்கும் மிக்சர் பக்கம் புதியவர்கள் போக வேண்டாம்: டொர்னாடோ கேஷ் என்ற மிக்சர் மீது 2022 ஆகஸ்டில் அமெரிக்கத் தடை விழுந்து 2025 மார்ச்சில்தான் விலகியது, மிக்சர் வழியே வந்த காசை எக்ஸ்சேஞ்சுகள் முடக்கவும் கூடும்.

சீட் வார்த்தைகள், இரண்டாம் பூட்டு

காகிதமா, உலோகத் தகடா, கிளவுடா? பிட்ஃபினெக்ஸ் வழக்கில் சாவிகள் கிடைத்ததே கிளவுட் கணக்கில் வைத்த, குறியாக்கம் செய்த கோப்பிலிருந்துதான். போனில் படம் எடுத்தாலும் தானாகவே கிளவுடுக்கு ஏறிவிடும். தீயும் நீரும் தகட்டை ஒன்றும் செய்யாது. சீட் வார்த்தைகள் எடுக்கப்படும் 2048 வார்த்தைப் பட்டியலில் முதல் நான்கு எழுத்தே தனித்து அடையாளம் காட்டும் என்பதால் அவற்றை மட்டும் பொறித்தால் போதும். 12 வார்த்தைகளை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைப்பது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். ஒரு பாதி சிக்கினால் 128 பிட் வலிமை 62-க்கு இறங்கும், ஒரு பாதி தொலைந்தால் நீங்களே உள்ளே போவது பெரும்பாடு. சீட் வார்த்தைகளோடு கூடுதல் கடவுச்சொல்லாகப் பாஸ்ஃப்ரேஸ் சேர்ப்பவர்கள் கவனிக்க: ஓர் எழுத்துப் பிழைக்கும் வாலட் 'தவறு' என்று சொல்லாது, காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். சிறு தொகை போட்டு, கருவியை அழித்து, மீட்டுப் பார்த்த பிறகே பெரிய தொகை.

எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம். சிம்மை மாற்றி வாங்கினால் போதும், ஓடிபி திருடனுக்குப் போகும். 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க ஆத்தென்டிகேட்டர் எண் மேல், ஆனால் போலித் தளத்தில் நீங்களே அதைத் தட்டிக் கொடுத்துவிடலாம். யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி தளத்தின் பெயரைத் தானே சரிபார்ப்பதால் அங்கே ஏமாறாது. ஒன்றல்ல, இரண்டு வாங்கிப் பதிவு செய்யுங்கள். ஒரே சாவியும் தொலைந்தால், கணக்கை மீட்க எக்ஸ்சேஞ்ச் மறுபடி உங்கள் அடையாள அட்டையையும் முகத்தையும்தான் கேட்கும்.