'எல்லாம் உள்ளடக்கம்' என்று விற்கப்பட்ட கப்பல் பயணம்: ஓர் எச்சரிக்கை

சொகுசுக் கப்பலில் விடுமுறையைக் கழிக்க எண்ணுபவர்கள், முகவரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கடலைப் பார்த்த அறை, எல்லாச் செலவும் உள்ளடக்கம் என்று எங்கள் முகவர் தொலைபேசியில் திரும்பத் திரும்ப உறுதி கூறினார். அறைக்குள் நுழைந்து திரைச்சீலையை விலக்கியபோது, ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு ஒன்று சன்னலை அடைத்துக்கொண்டு நின்றது; அதன் மேல்விளிம்புக்கு மேலே ஒரு சாண் அளவு வானம் தெரிந்ததே தவிர, கடல் தெரியவில்லை. எங்களுக்கு விற்கப்பட்டது, அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பின்னர் முடிவு செய்யும் மலிவு வகை என்பதும், அந்த வகையில் காட்சி மறைக்கப்பட்ட அறையும் தரப்படலாம் என்பதும் வரவேற்பு மேசையில் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. விற்றவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பயணத்தின் முடிவில் வந்த கணக்குச் சீட்டோ இன்னும் கசப்பானது. தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தொகை குழந்தைகளுக்கும் சேர்த்துத் தானாகவே ஏற்றப்பட்டிருந்தது. குளிர்பானம், வைஃபை, சிறப்பு உணவகம் ஆகிய அனைத்துக்கும் தனிக் கட்டணம். நடுக்கடலில் கைபேசி கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் இணைந்துவிட்டால் ரோமிங் கட்டணம் தனியாக ஏறும் என்பதால், கரையை விட்டு விலகும்போதே ஏரோபிளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். கப்பல் மருத்துவரைப் பார்ப்பதும் இலவசமன்று. அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

எங்களை உண்மையில் வஞ்சித்தது, கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது இறங்கி ஊரைச் சுற்றிப் பார்க்கும் கரைச் சுற்றுலா விவகாரம். பலத்த காற்றினால் சிறு படகுகளில் பயணிகளை இறக்க முடியாத நிலையில், நாங்கள் சுற்றுலா பதிவு செய்திருந்த துறைமுகத்தைக் கேப்டன் தவிர்த்தார். பாதுகாப்பு கருதி அவர் எடுத்த முடிவு சரியானதே. அந்த அதிகாரம் பயண ஒப்பந்தத்திலும் உள்ளது. கப்பல் வழியாகச் சுற்றுலா பதிவு செய்திருந்தவர்களுக்கு அத்தொகை திரும்பக் கிடைத்தது. எங்களுடையதையோ முகவர், கப்பலின் ஏற்பாடு என்று சொல்லிவிட்டு, வெளியாள் ஒருவரிடம் பதிவு செய்திருந்தார். ஒரு காசும் திரும்பவில்லை. கப்பல் தன் சொந்தச் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருக்கும். வெளியாருடன் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது என்பதால், இந்த வேறுபாடு பணத்தோடு நிற்பதில்லை.

ஆகவே அறை எண், அதன் தளம், காட்சி மறைப்பு உண்டா, டிப்ஸ் சேர்ந்ததா, சுற்றுலாவை நடத்துபவர் யார் ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் சீட்டு வாங்காதீர்கள். புகார் கொடுத்த பின் எங்கள் முகவர் அடுத்த பயணத்துக்கான வவுச்சர் ஒன்றை நீட்டினார். அதனுடன் வந்த படிவத்தில், இதோடு எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்ற வரி சிறிய எழுத்தில் இருந்ததால் கையெழுத்திட மறுத்துவிட்டு, சுற்றுலாத் தொகையைத் திரும்பப் பெறுவதற்காகக் கிரெடிட் கார்டு வழங்கிய வங்கியிடம் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவித்திருக்கிறோம்.