டேக்கில் தேதி புதிது, வால்வு மூடிக் கிடந்தது

எங்கள் வணிக வளாகத்தில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் குழாய்களுக்கு 11 வாரம் தண்ணீர் வரவில்லை. 6 மாடி, 14 அலுவலகங்கள், தரைத்தளத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். அந்த 11 வாரமும் ‘எல்லாம் சரி’ என்று எழுதிய ஆண்டுச் சோதனை அறிக்கை என் மேசை இழுப்பறையில் இருந்தது. பராமரிப்புப் பொறுப்பாளராக அதில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இன்னொரு கட்டடத்துக்கு இது நடக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

சோதனைக்கு மூன்றாவது ஆண்டாக அதே நிறுவனம். தீயணைப்பு அமைப்பையும், அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் பேக்ஃப்ளோ தடுப்பான்களையும் ஒரே நாளில் பார்த்து, சோதித்த தேதி எழுதிய டேக் மாட்டி, அறிக்கையும் அனுப்பிவிடுவார்கள். இரண்டு வேலைக்கு இரண்டு பேரைத் தேடி அலைய வேண்டாமே என்று எனக்கும் வசதியாக இருந்தது. இந்த முறை சோதனை நாளன்று காலை 10 மணிக்கு இருவர் வந்தார்கள். சோதனை நடக்கும்போது அலாரம் அடிக்காமல் இருக்க தீ அலாரம் பேனலில் சில இணைப்புகளை முடக்கினார்கள். அது வழக்கம்தான், தவறில்லை. எனக்கு வேறொரு கூட்டம் இருந்ததால் கூடவே நிற்கவில்லை. பதினொன்றரைக்குக் கிளம்பிவிட்டார்கள். பேனலில் மஞ்சள் விளக்கு எரிகிறதே என்று காவலாளி கேட்டதற்கு, “கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும்” என்று சொல்லியிருக்கிறார்கள். அது அணையவே இல்லை. அவர்களே சொல்லிவிட்டார்கள் என்று அவரும் அதை என்னிடம் சொல்லவில்லை.

காப்பீட்டைப் புதுப்பிக்க ஆய்வாளர் ஒருவர் வந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மேல்மாடியில் ஸ்பிரிங்ளர் குழாயின் கடைசியில் இருக்கும் சோதனை வால்வைத் திறக்கச் சொன்னார். கேஜில் அழுத்தம் ஒழுங்காகவே காட்டியது. திறந்தோம். தண்ணீர் கொஞ்ச நேரம் பீய்ச்சியது, பிறகு சிறுத்து, நின்றே போனது. தண்ணீர் ஓடத் தொடங்கினால் 90 விநாடிக்குள் அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. கேஜ் முள் சுழியத்தில் நின்றது.

கீழே ஓடினோம். தெருக் குழாயிலிருந்து ஸ்பிரிங்ளருக்குப் போகும் பாதையில் பேக்ஃப்ளோ தடுப்பான் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வால்வு. திறந்திருந்தால் இந்த வகை வால்வின் தண்டு சக்கரத்துக்கு வெளியே நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்க வால்வில் தண்டையே காணோம், முழுக்க உள்ளே போயிருந்தது. தடுப்பானைச் சோதிக்க அந்த வால்வை மூடியாக வேண்டும். மூடியிருக்கிறார்கள், திறக்க மறந்துவிட்டார்கள். வால்வுக்கு அப்பால் குழாயில் சிக்கிய தண்ணீர் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்ததால் கேஜ் அத்தனை வாரமும் நல்ல எண்ணையே காட்டியிருக்கிறது. வால்வு மூடினால் பேனலுக்குச் சொல்ல ஒரு சுவிட்ச் உண்டு. அதைத்தான் முடக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மஞ்சள் விளக்குக்கு அதுதான் பொருள்.

தீப்பிடித்த கட்டடங்களில் ஸ்பிரிங்ளர் வேலை செய்யாமல் போவதற்கு முதல் காரணம், யாரோ முன்பே தண்ணீரை மூடி வைத்திருப்பதுதான். அதனால்தான் ஒரு வால்வை மூடித் திறந்தால், கீழே உள்ள பிரதான வடிகாலைத் திறந்து தண்ணீர் முழு வேகத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 25 விதி சொல்கிறது. எங்கள் அறிக்கையில் அந்தச் சோதனைக்கும் ஒரு எண் எழுதியிருந்தது. வால்வு மூடியிருக்கையில் அந்த எண் எங்கிருந்து வந்தது?

அப்புறம் பழைய அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொட்டைமாடியில் ஏ.சி.க்கான கூலிங் டவருக்குத் தண்ணீர் போகும் குழாயில் இன்னொரு தடுப்பான் இருக்கிறது, நடுவில் ரிலீஃப் வால்வு உள்ள வகை. உள்ளே அழுத்த வித்தியாசம் குறைந்தால், 2 பி.எஸ்.ஐ.க்குக் (அழுத்த அலகு) கீழே போகும் முன்பே அந்த ரிலீஃப் வால்வு திறந்து, தண்ணீரை வெளியே கொட்டிவிட வேண்டும். மூன்று ஆண்டு அறிக்கையிலும் 2.4 என்றே இருந்தது. மற்ற அளவுகளும் தசமப் புள்ளி மாறாமல் அப்படியே. ஸ்பிரிங்கும் ரப்பரும் தேயும் பொருள்கள், அளவு இப்படி அசையாமல் நிற்காது. நேரில் போய்ப் பார்த்தேன். கேஜ் குழாயை மாட்ட வேண்டிய நான்கு சிறு குழாய் முனைகளின் மூடிகள் மீது, முன்பு எப்போதோ அடித்த பெயிண்ட் விரிசல்கூட விடாமல் ஒட்டியிருந்தது. அவற்றை யாரும் திறந்ததே இல்லை.

வேறொரு சோதனையாளரை அழைத்தோம். அவர் முதலில் தன் கேஜின் அளவுத்திருத்தச் சான்றிதழைக் காட்டினார். அது ஒரு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டுமாம். பழைய ஆட்களிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. சோதித்தபோது வித்தியாசம் 1க்குக் கீழே இறங்கியும் ரிலீஃப் வால்வு திறக்கவில்லை. தடுப்பான் தோல்வி. உள்ளே ரப்பர் வட்டு தேய்ந்து, துரு அடைத்திருந்தது. ரப்பர் செட்டை மாற்றினார், வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

கூலிங் டவர் தண்ணீரில் நாங்கள் ரசாயனம் கலக்கிறோம். தெருக் குழாயில் அழுத்தம் திடீரென்று விழுந்தால் அந்தத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீரில் கலக்கும். காப்பகத்துக் குழந்தைகள் குடிக்கும் குழாய் அதே பாதையில் இருக்கிறது. 1969இல் அமெரிக்காவில் ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு இப்படித்தான் மஞ்சள் காமாலை பரவியது. நகரில் ஒரு தீயை அணைக்கத் தண்ணீர் எடுத்ததில் அழுத்தம் குறைந்து, மைதானத்தில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் போய்விட்டது. அணியில் பெரும்பாலானவர்களைத் தொற்று பிடித்தது. தீ நம் கட்டடத்தில் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

தீயணைப்பான் சிலிண்டர்களிலும் இதே கதைதான். டேக் புதிது, இரண்டில் பவுடர் கட்டிபிடித்திருந்தது, ஒன்றுக்கு 12 ஆண்டு அழுத்தச் சோதனைக் காலமே தாண்டியிருந்தது.

நிறுவனத்திடம் கேட்டபோது, “ஆள் புதுசு சார், தவறு நடந்துபோச்சு. அடுத்த வருஷம் இலவசமா பண்ணித் தர்றோம்” என்றார்கள். ஒரு வால்வைத் திறக்க மறப்பது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். திறக்காத மூடிக்குப் பின்னாலிருந்து மூன்று வருடம் அளவு எழுதுவது தவறு இல்லை, பொய். உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு அறிக்கைகளையும் பெயிண்ட் ஒட்டிய மூடிகளின் படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கட்டடத்தில் சோதனை இப்போதுதான் முடிந்ததென்றால், தயவுசெய்து இன்றே போய் மூன்றைப் பாருங்கள்: பேனலில் மஞ்சள் விளக்கு எரிகிறதா, வால்வுத் தண்டு வெளியே தெரிகிறதா, போன வருட அளவுகளும் இந்த வருட அளவுகளும் ஒன்றா. அடுத்த முறை ஆட்கள் வரும்போது முழு நேரமும் கூடவே நில்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் நிற்கிறேன். கடைசியாக எங்கள் கட்டடத்தில் முழுச் சோதனை முடிய காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி ஆனது.